மாயன் நாகரிகமும் நாமும்: ஏற்காடு போகும் வழியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் சேலத்துப் பிள்ளைகளையும் அவர்களோடு ஒட்டிக்கொண்டு வரும் பெரியவர்களையும் ஏற்காட்டுக்குக் கூட்டிப்போவது என் வழக்கம். பழைய கல், பழைய கோயில், மரம், செடி என்று பேசிக்கொண்டே நடப்போம். சேர்வராயன் கோயில் போய்ச் சேர்வதற்குள் யாராவது ஒருவர், "சார், மாயன் நாகரிகம்கூட நம்மாளுங்கதானே?" என்று ஆரம்பித்துவிடுவார். வாட்ஸ்அப்பில் வந்த படத்தையும் நீட்டுவார். பல தடவை சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

ஒரே வரியில் சொல்லுங்கள். மாயன்கள் தமிழர்களா?

இல்லை.

அப்படியானால் அவர்கள் யார்? எங்கே இருந்தார்கள்?

தெற்கு மெக்சிக்கோ, குவாதமாலா, பெலீஸ், ஹோண்டுராஸ், எல் சால்வடார் பகுதிகளில் வாழ்ந்தவர்கள். "இருந்தார்கள்" என்று கேட்பதே தப்பு. இன்றும் இருக்கிறார்கள். மாயா குடும்பத்து மொழிகள் ஏறக்குறைய முப்பது. அவற்றை இன்று பல லட்சம் பேர் பேசுகிறார்கள். காட்டுக்குள் மறைந்துபோன மர்ம இனம் என்று நம்மூர் யூடியூபர்கள் சொல்வதை குவாதமாலா சந்தையில் மக்காச்சோளம் விற்கும் ஒரு பாட்டி கேட்டால் சிரிப்பார்.

பெரிய கல் நகரங்கள் ஓங்கியிருந்தது கி.பி. 250 முதல் 900 வரை. திக்கால், பலேங்கே, கோபான், கலக்முல் எல்லாம் அந்தக் காலத்தவை. சிச்சென் இட்சாவின் புகழ் அதற்குக் கொஞ்சம் பிந்தியது. நம் கணக்கில் சொன்னால், சங்க காலம் முடியும் தறுவாயிலிருந்து முதலாம் பராந்தகச் சோழன் பட்டத்துக்கு வரும் நேரம் வரை.

தூரம்? சேலத்திலிருந்து சிச்சென் இட்சாவுக்கு நேர்கோட்டிலேயே சுமார் 16,000 கிலோமீட்டர். நமக்கு நண்பகல் என்றால் அங்கே நள்ளிரவு தாண்டி அரை மணி.

மயன் என்ற பெயரும் மாயன் என்ற பெயரும் ஒன்றுதானே?

இந்தக் கேள்விக்குத்தான் மலைப்பாதையில் பாதி நேரம் போகும்.

நம்முடைய மயன் பழையவன். மகாபாரதத்தில் பாண்டவர்களுக்குச் சபை கட்டிக்கொடுத்த அசுரத் தச்சன். கோவலனும் கண்ணகியும் அமர்ந்திருந்த கட்டிலை மயன் செய்தது போன்றது என்கிறார் இளங்கோவடிகள். மயமதம் என்று ஒரு சிற்ப நூலே இருக்கிறது. அது சமஸ்கிருதத்தில் எழுதப்பட்டது, ஆனால் அதன் மணம் முழுக்கத் தென்னிந்தியக் கோயில் மணம்.

அந்தப் பக்கம் பாருங்கள். "மாயா" என்பது மெக்சிக்கோவின் யுகத்தான் தீபகற்பத்தில் வழங்கிய பெயர். மாயப்பான் என்ற பிற்கால நகரத்தோடு சேர்ந்தது. திக்காலின் அரசர்கள் தங்களை மாயா என்று சொல்லிக்கொள்ளவில்லை. அவர்கள் ஊரின் பழைய பெயர் முத்துல். பலேங்கே நகரத்தின் பழைய பெயர் லக்கம்ஹா, அதாவது பெருநீர். எல்லாரையும் சேர்த்து ஒரே பெயரில் அழைத்தது பின்னால் வந்த ஆய்வாளர்கள்.

இப்போது அந்தக் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். மயன் என்பதில் உள்ள "ன்" நம்முடைய ஆண்பால் விகுதி. மாயன் என்பதில் உள்ள "ன்" ஆங்கிலம் ஒட்டவைத்தது. இந்தியாவை இந்தியன் என்று ஆக்கினார்களே, அதே ஒட்டு. ஆங்கிலப் புத்தகத்திலிருந்து எழுத்துக்கூட்டி எடுத்த சொல்லைத் தமிழ் விகுதியோடு பொருத்திப் பார்த்து ஆச்சரியப்படுகிறோம். இனிமேல் இந்தப் பக்கத்தில் மாயா என்றே எழுதுகிறேன்.

கணபதி ஸ்தபதி போன்ற பெரிய சிற்பியே தொடர்பு உண்டு என்று சொன்னாரே?

சொன்னார். மாமல்லபுரத்து அரசு சிற்பக் கல்லூரியை நடத்தியவர், கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலையை எழுப்பியவர். அவருடைய கைவேலையின் முன்னால் நான் வாய் திறக்க முடியாது. மாயா கட்டடங்களின் அளவுகளில் நம் மயன் மரபின் எட்டுக்கு எட்டுக் கட்டம் இருக்கிறது என்பது அவர் கருத்து.

ஆனால் அளவுப் பொருத்தம் வழுக்கும் இடம். எட்டு எட்டாகப் பிரித்த கட்டத்தை எந்தச் சதுரக் கட்டடத்தின் மேல் வைத்தாலும் ஏதாவது ஒரு கோட்டில் ஒரு வாசலோ சுவரோ வந்து உட்காரும். அப்புறம், சாணும் முழமும் மனித உடம்பிலிருந்து வந்தவை. உலகத்தில் எல்லாருக்கும் முன்னங்கை ஏறக்குறைய ஒரே நீளம்தான். சிற்பியின் கண் தன் மரபை எங்கும் கண்டுபிடிக்கும். அது அந்தக் கண்ணின் பழக்கம். வரலாற்றுச் சான்று என்று அதைச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

கோபுரமும் பிரமிடும் ஒரே மாதிரி இருக்கிறதே?

தூரத்துப் போட்டோவில் ஆம். கிட்டே போனால் உள்ளும் புறமும் தலைகீழ்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானம் சுமார் 216 அடி, 1010இல் முடிந்தது. திக்காலின் நான்காம் கோயில் சுமார் 65 மீட்டர், 8ஆம் நூற்றாண்டு. உயரம் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால்தான் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்புகிறார்கள். ஆனால் தஞ்சை விமானம் உள்ளே கூடு. சாமி தரைமட்டத்தில் கருவறையில் இருக்கிறார், நாம் நடந்து உள்ளே போகிறோம். மாயா கோயில் உள்ளே கல்லும் மண்ணும் அடைத்த திண்டு. சன்னதி உச்சியில், செங்குத்துப் படியேறிப் போக வேண்டும். பல திண்டுகளுக்குள் அரசர்களின் கல்லறை. பலேங்கேயில் 683இல் இறந்த பகால் மன்னனின் கல்லறையை 1952இல் கோயிலுக்கு அடியில் கண்டுபிடித்தார்கள். நம்மிடமும் பள்ளிப்படைக் கோயில் உண்டே என்பீர்கள். உண்டு, ஆனால் அது விதிவிலக்கு. அங்கே அதுவே வழக்கம்.

உண்மையான ஒற்றுமை ஒன்று இருக்கிறது, அதை யாரும் அனுப்புவதில்லை. இரண்டு பேரும் வளைவுக்கு நடுக்கல் வைத்துப் பூட்டாமல், கல்லை வரிவரியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நீட்டி மேலே சேர்த்தார்கள். கல் அடுக்கும் எவருக்கும் முதலில் தோன்றும் வழி அது.

வித்தியாசம் இன்னொன்று. தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் கல்லிலேயே செதுக்கிய சங்கிலியைப் பார்த்திருப்பீர்கள். கருங்கல்லில் அந்த வேலைக்கு இரும்பு உளி வேண்டும். இரும்பு நமக்குப் பஞ்சமில்லை: கஞ்சமலையில் தாது, மேட்டூர் பக்கத்து மாங்காட்டில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 1600ஐ ஒட்டிப் போகிறது. மாயா மக்களிடம் இரும்பே கிடையாது. வெட்டும்போது மெத்தென்று இருந்து பிறகு இறுகும் சுண்ணாம்புக்கல்லைக் கல்லாலேயே செதுக்கினார்கள். பொதி சுமக்கும் மாடு இல்லை. சக்கரம் வேலைக்கு இல்லை. இங்கிருந்து ஒருவன் கடல் தாண்டிப் போய்க் கோயில் கட்டச் சொல்லிக்கொடுத்தான் என்றால், உளியையும் மாட்டுவண்டியையும் சொல்லித்தர மறந்துவிட்டானா?

கலியுகம் தொடங்கியது கி.மு. 3102, மாயா நாட்காட்டி தொடங்கியது கி.மு. 3114. இது தற்செயலா?

நல்ல கேள்வி, மற்றவற்றைவிடக் கனமான கேள்வி.

மாயா நெடுங்கணக்கு, அதாவது ஒரு தொடக்க நாளிலிருந்து நாட்களை எண்ணிக்கொண்டே போகும் நாட்காட்டி, கி.மு. 3114 ஆகஸ்டில் தொடங்குகிறது. நம் பஞ்சாங்கத்தின் முதல் பக்கத்தில் போடும் கலியுகாதி கணக்கு கி.மு. 3102 பிப்ரவரியில் தொடங்குகிறது. இடைவெளி பதினொன்றரை வருடம். ஐயாயிரம் வருடத்தில் இது ஒன்றுமில்லை என்று தோன்றும். இன்னும் ஒன்று சொல்கிறேன், இதைக் கேட்டால் உங்களுக்குப் புல்லரிக்கும்: மாயா கணக்கில் ஒரு பக்தூன் என்பது 1,44,000 நாள். மூன்று பக்தூன் 4,32,000 நாள். கலியுகத்தின் மொத்த நீளம் 4,32,000 வருடம்!

சரி, இப்போது பிரித்துப் பார்ப்போம். இரண்டு தொடக்கமும் அந்த நாளில் யாரும் உட்கார்ந்து எழுதியவை அல்ல; பிற்காலத்தில் பின்னோக்கிக் கணக்கிட்டவை. கலியுகத்தில் 3,600 வருடம் கழிந்தபோது தனக்கு வயது 23 என்கிறார் ஆரியபட்டர், அது கி.பி. 499. கிரகங்கள் எல்லாம் ஓரிடத்தில் கூடிய தொடக்கம் ஒன்று வேண்டும் என்று பின்னால் போன கணக்கு அது. மாயா பக்கம், நெடுங்கணக்குத் தேதி பொறித்த மிகப் பழைய கற்கள் கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இரண்டும் வேறு வேறு வழியில் பின்னால் நடந்து, பக்கத்துப் பக்கத்து மைல்கல்லில் நின்றன.

எண் ஒற்றுமைக்குக் காரணம் 360. வருடத்தை உருட்டி 360 நாளாக வைத்துக்கொண்டால் பெருக்கல் சுலபம். மாயா மக்கள் 360 நாளை 20ஆல் இரண்டு தடவை பெருக்கினார்கள், பக்தூன் வந்தது. நம்மவர்கள் தேவ வருடம் ஒன்றுக்கு மனித வருடம் 360 என்று வைத்து 1,200ஆல் பெருக்கினார்கள், கலியுகம் வந்தது. 360 இருக்கும் இரண்டு பெருக்கல் ஒரே விடையில் முட்டிக்கொள்வது அதிசயமில்லை. அதுவும் ஒன்று நாள், இன்னொன்று வருடம்.

மற்றபடி சக்கரங்கள் ஒட்டவே ஒட்டாது. நமக்குப் பிரபவ முதல் அட்சய வரை 60 வருடம். அவர்களுக்கு 52. அவர்கள் 260 நாள் சக்கரத்தையும் 365 நாள் சக்கரத்தையும் இரண்டு பற்சக்கரம்போலச் சுற்றவிட்டார்கள். 18,980 நாளுக்கு ஒரு தடவைதான் பழைய பற்கள் மறுபடி சந்திக்கும். நம்மிடம் வாரத்துக்கு ஏழு கிழமை, அவர்களிடம் கிழமையே கிடையாது.

2012இல் உலகம் அழியும் என்றார்களே?

13 பக்தூன் 2012 டிசம்பர் 21இல் முடிந்தது. மறுநாள் 14ஆவது தொடங்கியது. அன்று மாலை நான் ஐந்து ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

மாயா எண்முறை தமிழ் எண்முறை போன்றதா?

கீழேயிருந்து ஏற்காடு போக இருபது கொண்டை ஊசி வளைவு. பிள்ளைகளுக்கு அதை வைத்தே சொல்லிக்கொடுப்பேன். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு புள்ளி போடு. ஐந்தாவது வளைவு வந்தால் புள்ளிகளை அழித்துவிட்டு ஒரு கோடு. பத்தாவதில் இரண்டு கோடு. பத்தொன்பதில் மூன்று கோடும் நான்கு புள்ளியும். இருபதாவது வளைவில் அந்தக் கட்டத்தைக் காலி செய்து ஒரு சிப்பி வரைந்துவிட்டு, மேல்கட்டத்தில் ஒரு புள்ளி வை. மலை ஏறி முடிக்கும்போது பிள்ளைகளுக்கு மாயா எண் வந்துவிடும். வாந்தி எடுக்கும் பிள்ளைகள் தவிர.

அந்தச் சிப்பிதான் அவர்களுடைய சுழியம். நம் பழைய தமிழ் எண்களில் ௰, ௱, ௲ என்று பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனி எழுத்து இருந்தது. சுழியம் இல்லாமலே எழுதினார்கள். நாம் பத்தை அடியாக வைத்தோம், அவர்கள் இருபதை. கைவிரலோடு நிறுத்தியவர்கள் நாம், கால்விரலையும் சேர்த்துக்கொண்டவர்கள் அவர்கள்.

சொற்கள் ஒத்துப்போகின்றனவே?

எட்டு என்பதை ஆங்கிலத்தில் என்ன சொல்கிறார்கள்? எய்ட். காதுக்கு எவ்வளவு நெருக்கம்! ஆனாலும் ஆங்கிலமும் தமிழும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று யாரும் சொல்வதில்லை. ஏழையும் ஒன்பதையும் பக்கத்தில் வைத்தால் சாயம் வெளுத்துவிடும். யுகத்தான் மாயா மொழியில் "பலாம்" என்றால் சிறுத்தையின் அண்ணன் போன்ற ஜாகுவார். பலம் என்று நாம் மகிழலாம். ஆனால் அதே மொழியில் ஒன்று ஹுன், இரண்டு கா, மூன்று ஓஷ், நான்கு கான், ஐந்து ஹோ. நீர் என்பது ஹா, மலை என்பது விட்ஸ், மரம் என்பது சே. அன்றாடச் சொல்லில் ஒன்றாவது ஒட்டுகிறதா பாருங்கள்.

கிச்சே என்ற மாயா மொழியில் தாத்தாவுக்கு "மாம்" என்கிறார்கள் என்றும் ஒருவர் சொன்னார். உண்மை. குழந்தை வாயில் முதலில் வரும் ம, ப, த ஒலிகளைப் பெரியவர்கள் தங்கள் பெயராக எடுத்துக்கொள்வது உலக வழக்கம்.

குமரிக்கண்டம் வழியாகப் போயிருக்கலாமே?

குமரிக்கண்டத்தோடு சேர்த்துச் சொல்லும் லெமூரியா என்ற பெயரே 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர், லெமூர் குரங்குகள் மடகாஸ்கரிலும் அவற்றின் உறவுகள் இந்தியாவிலும் இருப்பதற்கு விளக்கம் தேடி வைத்தது. கண்டங்கள் நகரும் என்று தெரிந்த பிறகு அந்த நிலம் தேவைப்படவில்லை.

பசிபிக்கில் மூழ்கியதாகச் சொல்லும் "மூ" கண்டத்தின் கதை இன்னும் வேடிக்கை. 1860களில் பிரஸ்ஸர் தெ பூர்பூர் என்ற பாதிரியார் ஒரு மாயா சுவடியைத் தப்புத்தப்பாக வாசித்து, அதில் மூ என்ற மூழ்கிய நாடு இருக்கிறது என்றார். மாயா எழுத்தை ஒழுங்காக வாசிக்கும் வழியை யூரி குனோரசவ் என்ற ரஷ்யர் காட்டியதே 1952இல்தான். அதற்குள் சர்ச்வார்ட் என்பவர், இந்தியக் கோயில் பூசாரி ஒருவர் தனக்கு மூ நாட்டுக் களிமண் பலகைகளைக் காட்டினார் என்று எழுதிப் பேர் வாங்கிவிட்டார். எந்தக் கோயில், எந்தப் பூசாரி, பலகை எங்கே என்று கேட்கக் கூடாது.

கோபானில் யானைச் சிற்பம், கர்நாடகத்தில் மக்காச்சோளச் சிற்பம். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கோபான் நகரத்தின் ஒரு நடுகல்லில் மேல்மூலையில் வளைந்த மூக்கு இரண்டு இருக்கும். தும்பிக்கை, மேலே பாகன் என்று 1924இல் எலியட் ஸ்மித் என்ற உடற்கூறியலாளர் வாதாடினார். அது மக்கா என்ற பெரிய பஞ்சவர்ணக்கிளியின் அலகு. பழைய வரைபடங்களை விட்டுவிட்டுக் கல்லைப் பார்த்தால் மூக்குத்துளையும் கண்ணும் கிளிக்கு உரிய இடத்தில் இருக்கின்றன.

மக்காச்சோளக் கதை நம் பக்கத்தில். மைசூருக்கு அருகில் சோமநாதபுரத்தில், 13ஆம் நூற்றாண்டு ஹொய்சாளர் கோயிலில், சிலைகளின் கையில் மணிமணியாக ஒரு பொருள். சோளக்கதிரே என்று 1980களின் கடைசியில் கார்ல் ஜோஹன்னஸன் என்ற அமெரிக்கப் புவியியலாளர் எழுதினார். நேரில் பார்த்தபோது எனக்கும் முதலில் கதிராகத்தான் பட்டது, பொய் சொல்லவில்லை. ஆனால் தெய்வத்தின் கையில் முத்துப் பதித்த பழம், முக்தாபலம், வைப்பது சிற்ப மரபு. தவிர, 13ஆம் நூற்றாண்டில் இங்கே மக்காச்சோளம் விளைந்திருந்தால் அடுப்புச் சாம்பலில் ஒரு கருகிய மணியாவது வந்திருக்கும். ராகி மணி வருகிறது, கொள்ளு வருகிறது.

அப்படியென்றால் எந்தச் சான்று வந்தால் ஒத்துக்கொள்வீர்கள்?

ரோமாபுரியோடு நமக்குத் தொடர்பு இருந்தது என்பதை எப்படி ஒத்துக்கொண்டோமோ அப்படி. கரூர் ஆற்றுப்படுகையில் ரோமானியக் காசு வருகிறது. எகிப்தின் செங்கடல் துறைமுகத்தில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடு வருகிறது. அங்கே மிளகும் கிடைத்தது. வியாபாரம் செய்தவன் குப்பை போடாமல் இருக்க மாட்டான். குவாதமாலாவில் நம் குப்பை எதுவும் இதுவரை வரவில்லை.

உடம்புச் சான்றும் இல்லை. அமெரிக்கப் பழங்குடிகளின் மரபணு வேர் சைபீரியப் பக்கம் போகிறது. கடல் தாண்டவே முடியாது என்று நான் சொல்லவில்லை: பாலினேசியர் 1200ஐ ஒட்டித் தென் அமெரிக்கரைச் சந்தித்தது மரபணுவில் பதிந்திருக்கிறது. சந்திப்பு நடந்தால் இப்படித் தடம் இருக்கும்.

உறவுமுறை ஒன்று என்கிறார்களே, அதுவும் கட்டுக்கதையா?

இல்லை, இது மட்டும் பெரிய விஷயம். கேட்டவர் கேலிக்காகக் கேட்டார், நான் கால் மணி நேரம் பேசினேன்.

அப்பாவின் அண்ணன் பெரியப்பா, தம்பி சித்தப்பா. இரண்டிலும் அப்பா இருக்கிறார். அவர்கள் பிள்ளைகள் நமக்கு அண்ணன், தங்கச்சி, கட்டக் கூடாது. ஆனால் அம்மாவின் தம்பி மாமா. அவர் பிள்ளை முறைப்பெண், முறைப்பையன். கல்யாணம் ஆன பிறகும் மாமியாரை அத்தை என்றும் மாமனாரை மாமா என்றுமே கூப்பிடுகிறோம், புதுச் சொல் தேவையில்லை. நமக்கு இது தண்ணீர் குடிப்பது போல. வெள்ளைக்காரருக்குத் தலைசுற்றல், அவர்களுக்கு எல்லாரும் அங்கிள்.

அமெரிக்காவில் லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற வக்கீல், தன் ஊர்ப் பக்கத்து இரோகுவா பழங்குடிகள் அப்பாவின் சகோதரனை அப்பா என்பதையும் தாய்மாமனைத் தனியாகப் பிரிப்பதையும் கவனித்தார். உலகமெங்கும் கேள்வித்தாள் அனுப்பினார். தமிழ்நாட்டு மிஷனரிகளிடமிருந்து தமிழ் உறவுச் சொல் பட்டியல் போய்ச் சேர்ந்தது. பார்த்தவர் அசந்துபோனார், இரோகுவா பட்டியலும் தமிழ்ப் பட்டியலும் அவ்வளவு ஒத்திருந்தன. அமெரிக்கப் பழங்குடிகள் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்கு இதுவே ஆதாரம் என்று 1871இல் அச்சேற்றினார்.

பிறகு அதே அமைப்பு அமேசான் காட்டில் கிடைத்தது, ஆஸ்திரேலியாவில் அதன் சொந்தம் கிடைத்தது. மானிடவியலில் இன்றுவரை அதற்குப் பெயர் "திராவிட உறவுமுறை". அமேசான்காரர்கள் திராவிடர் என்று பொருள் இல்லை. முதலில் நன்றாக விவரித்தது நம்முடையது என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். பண்டைய மாயா மக்களிடமும் இதுபோன்ற முறை இருந்திருக்கும் என்று வாதிடும் அறிஞர்கள் உண்டு. பெண் கொடுத்த வீட்டிலேயே அடுத்த தலைமுறையும் பெண் எடுப்பது என்று ஒரு சமூகம் முடிவு செய்துவிட்டால், சொற்கள் தாமாக இந்த வடிவத்துக்கு வந்துவிடுகின்றன.

தாயமும் அவர்களுடைய பத்தோலியும்?

சிலுவை வடிவக் கட்டத்தில் காய் நகர்த்தும் விளையாட்டு இரண்டும். பத்தோலி, தாயத்தைப் போன்ற நம் பக்கத்துப் பச்சீசியிலிருந்து போனது என்று 1870களிலேயே எட்வர்ட் டைலர் என்ற மானிடவியலாளர் வாதாடினார். அங்கே பீன்ஸ் விதையை உருட்டினார்கள். கட்டம் கீறி எதையாவது உருட்டுவதற்குக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமா என்பது என் சந்தேகம்.

சேர்வராயன் குகைக்கும் மாயா குகைக்கும் ஒற்றுமை உண்டு என்று நீங்களே சொன்னீர்களே?

சொன்னேன், அதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

சேர்வராயன் கோயிலுக்குள் குனிந்துதான் போக வேண்டும். வெளியே மே மாத வெயில் என்றாலும் உள்ளே தோளில் குளிர் இறங்கும். விளக்கு வெளிச்சத்தில் பாறை ஈரமாக மின்னும். சேர்வராயனும் காவேரியம்மனும் பக்கத்தில் பக்கத்தில். அந்தக் குகை உள்ளே உள்ளே போய்க் காவிரியில் முடிகிறது என்பார்கள். சேர்வராயன் மலை சார்னகைட் என்ற கெட்டியான பாறை. அத்தனை நீளச் சுரங்கத்துக்கு அது இடம் தராது. ஆனால் சொல்பவர்களுக்கு நிலவியல் பாடம் எடுக்க நான் போவதில்லை. மலை ஒரு சாமி, அதன் வயிற்றுக்குள் ஆறு இருக்கிறது என்பதுதான் அவர்கள் சொல்வது.

இதையே மாயா மக்கள் சொன்னார்கள். மலைக்கு முகம் வரைந்தார்கள். குகை அதன் வாய். மழைத் தெய்வம் சாக் குகைக்குள் குடியிருக்கிறான். யாரும் தொடாத குகைத் தண்ணீரைச் சடங்குக்கு எடுத்துப்போவார்கள். சிச்சென் இட்சாவுக்குப் பக்கத்தில் பலான்கான்சே குகையில், கூரையையும் தரையையும் தொடும் பெரிய கல்தூணைச் சுற்றித் தூபக்கால்கள் வைத்தபடியே இருந்தன, 1959இல் பார்த்தார்கள். அங்கே நிலத்துக்கு மேல் ஆறே இல்லை. சுண்ணாம்புக்கல் மழையை விழுங்கிவிடும், தண்ணீர் வேண்டுமென்றால் குகைக்குள்தான் இறங்க வேண்டும். அவர்களுக்குக் குகையில் தண்ணீர் என்பது நேரான உண்மை.

மழை பொய்த்தால் செய்வதும் கேட்க வேண்டியது. யுகத்தானில் பூசைப் பலகையின் நான்கு காலிலும் நான்கு சிறுவர்களைக் கட்டிவைப்பார்கள். அவர்கள் தவளைபோலக் கத்த வேண்டும். நம்மூரில் கழுதைக்குக் கல்யாணம் செய்கிறோம், கொடும்பாவி கட்டி ஒப்பாரி வைத்து இழுக்கிறோம். வானம் பார்த்த பூமிக்காரர்கள் இரண்டு பேரும்.

சாக் கையில் கோடரி இருக்கும், மின்னல் அதுதான். ஏற்காட்டில் ஓய்வுக்காலத்தைக் கழித்த ராபர்ட் புரூஸ் ஃபூட், இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் முன்னோடி, இந்த மலையில் வழவழவென்று தேய்த்த புதிய கற்காலக் கோடரிகளைச் சேகரித்தார். ஐரோப்பியக் குடியானவர்கள் அப்படிப்பட்ட கல்லை இடியோடு விழுந்தது என்று வீட்டுக் கூரையில் செருகிவைப்பார்களாம். மண்ணில் கிடைக்கும் பளபளப்பான கல்லுக்குக் கதை சொல்லாத ஊரே இல்லை.

அம்மிக்கல்கூட அங்கே இருக்கிறதா?

இருக்கிறது. பெயர் மெத்தாத்தே. மூன்று கால், எரிமலைக்கல், ஆளைப் பார்த்துச் சரிந்திருக்கும். மண்டியிட்டு முன்னும் பின்னும் தள்ளி, சுண்ணாம்பு நீரில் வேகவைத்த மக்காச்சோளத்தை அரைப்பார்கள். நம் அம்மி தட்டை. குந்தியோ நின்றோ அரைப்போம். தேய்ந்தால் கொத்த வேண்டும் என்பது இருவருக்கும் பொது. "அம்மி கொத்தலையோ அம்மி" என்று செவ்வாய்ப்பேட்டைத் தெருவில் போன குரல் என் சின்ன வயதோடு நின்றுவிட்டது.

அப்போ, நமக்கும் அவர்களுக்கும் ஒரு தொடர்புமே இல்லையா?

இருக்கிறது! யாரும் கேட்காத இடத்தில், தட்டில் இருக்கிறது.

ஆத்தூர் ரோட்டில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு போங்கள். முதலில் மூக்குக்கு வரும், புளித்த மாவு வாடை. அப்புறம் கண்ணுக்கு: ஜவ்வரிசி ஆலைக் களத்தில் வெள்ளை வெளேரென்று பரப்பிக் காயும். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, தோலுரித்து, அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படிந்த மாவை உருட்டி வறுத்துக் காயவைத்தது. இரண்டாம் உலகப்போரில் கிழக்கிலிருந்து வந்த சரக்கு நின்றுபோக, 1940களில் சேலத்தில் பிடித்துக்கொண்ட தொழில். சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் வாங்கியாகிவிட்டது.

அந்தக் கிழங்கு அமெரிக்கக் கண்டத்துக்காரன். பிறந்தது பிரேசில் பக்கம். மாயா நாட்டிலும் விளைந்தது. எல் சால்வடாரில் ஹோயா தெ செரேன் என்ற சிற்றூரைச் சுமார் 1,400 வருடத்துக்கு முன் எரிமலைச் சாம்பல் மூடியது. 2007இல் தோண்டியவர்கள் சாம்பலுக்கு அடியில் மரவள்ளிக் காட்டையே பார்த்தார்கள். பார் பிடித்து, கிழங்கு எடுத்து, அடுத்த போகத்துக்குக் குச்சி புதைத்த நிலையில். வாழப்பாடியில் ஒரு விவசாயியிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். "பாரை இன்னும் கொஞ்சம் ஒசத்திப் போட்டிருக்கலாம்" என்றார்.

பகால் மன்னன் கல்லறையை மறுபடி நினையுங்கள். அவன் சவப்பெட்டியின் பக்கங்களில் முன்னோர்கள் ஆளுக்கொரு பழமரமாக மண்ணிலிருந்து முளைத்து வருகிறார்கள். கோகோ, கொய்யா, வெண்ணெய்ப்பழம், சப்போட்டா. ஏற்காடு ஏரிக்கரைத் தள்ளுவண்டியிலும் ரோட்டோரக் கூடையிலும் கிட்டத்தட்ட அதே வரிசை. திக்கால் கோயிலின் வாசல் உத்தரங்கள் சப்போட்டா மரத்தில் செதுக்கியவை. ஆயிரத்து இருநூறு வருடம் தாங்கியிருக்கின்றன. கோகோ என்று நாம் சொல்லும் சொல்லே அவர்கள் பானையில் "ககவ்" என்று எழுதியிருந்தது. மிளகாய், தக்காளி, பப்பாளி, மக்காச்சோளம், வான்கோழி எல்லாம் அந்தப் பக்கத்துச் சொத்து. பெயரிலேயே சீதையை வைத்துக்கொண்டு மலையடிவாரமெங்கும் காடாய் மண்டிக் கிடக்கும் சீத்தாப்பழம்கூட.

இவை வந்த வழி தெரிந்த வழி. கப்ரால் என்ற போர்த்துக்கீசியன் 1500 ஏப்ரலில் பிரேசில் கரையைத் தொட்டான். அதே பயணத்தில் செப்டம்பரில் கோழிக்கோட்டில் நங்கூரம் போட்டான். அதற்குப் பிறகு விதைகள் கப்பல் கப்பலாக வந்தன. சங்கப் புலவர் எவரும் மிளகாய் பற்றிப் பாடாததற்கு வேறு காரணம் இல்லை.

பிள்ளைகளுக்கு நேரில் காட்ட ஏதாவது இருக்கிறதா?

நிழலில்லா நாள். நாமும் மாயா மக்களும் ஒரே வெப்ப மண்டலத்தில், கடகரேகைக்குத் தெற்கே இருக்கிறோம். அதனால் வருடத்தில் இரண்டு தடவை சூரியன் நேர் உச்சந்தலைக்கு வரும். டெல்லிக்கு இந்தப் பாக்கியம் கிடையாது. கோபானில் அந்த நாட்கள் ஏப்ரல் 30, ஆகஸ்ட் 13. ஆகஸ்டிலிருந்து அடுத்த ஏப்ரல் வரை எண்ணினால் சரியாக 260 நாள். 260 நாள் நாட்காட்டி இதிலிருந்து பிறந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. குவாதமாலாவில் நாள் பார்ப்பவர்கள், குழந்தை வயிற்றில் இருக்கும் காலம் அது என்பார்கள்.

சேலத்துக்கு ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22ஐ ஒட்டியும் வரும். நம் இடைவெளி 241 நாள், அதில் நாட்காட்டி எதுவும் பிறக்கவில்லை. மொட்டைமாடியில் மட்டமான இடமாகப் பார்த்து ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். பகல் 12 மணிக்கு இன்னும் ஒரு பக்கம் மெல்லிய நிழல் ஒட்டிக்கொண்டிருக்கும். 12.16 வாக்கில் அது டம்ளருக்கு அடியில் போய்விடும். ஒரு நிமிடம் விட்டால் மறுபக்கம் எட்டிப் பார்க்கும். ஆகஸ்டில் மேகம் மூடிக்கொள்ளும், ஏப்ரலுக்கே வைத்துக்கொள்ளுங்கள். செருப்பு போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள், மாடித் தரை சுடும்.